பாலாற்று மணலும் 11/40 என்ற எண்ணும்

என் மேசைமேல் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே 52 படங்கள். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகும் பாலாற்றுப் பாலத்தில் ஒரே இடத்தில் நின்று, ஒரு வருஷம் முழுக்க ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு ஆற்றைப் படமெடுத்திருக்கிறாள் எங்கள் தெருப் பெண். சென்னையில் ஓவியம் படிக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி எப்படியும் வண்டி பிடித்து ஊருக்கு வந்துவிடுவாள். முக்கால்வாசிப் பக்கங்களில் மணல், சீமைக்கருவேலம், மேயும் மாடு. நான்கே பக்கங்களில் தண்ணீர். எழுத்து கிடையாது, படத்துக்கு அடியில் தேதி மட்டும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 11/40 என்று எழுதி, அதாவது நாற்பது பிரதிகளில் பதினொன்றாவது, பக்கத்தில் கையெழுத்து. 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த மாமா அதைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "என்னப்பா இது, எல்லாப் பக்கமும் ஒரே மணலா இருக்கு. இதுக்கா அறுநூறு?"

அவருக்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஒரே மணலைத் திரும்பத் திரும்ப எடுத்தால் அது எப்படிக் கலை? 40 என்று எழுதிவிட்டால் எப்படி விலை? மாமா கேட்டது இந்த இரண்டையும்தான். கருத்துக்கலைஞர்களின் வரையறுத்த பதிப்புகளையும் (இத்தனை பிரதிதான் என்று எண்ணி நிறுத்துபவை) கலைஞர் நூல்களையும் (புத்தகமே படைப்பாக இருப்பவை) சேர்க்க நினைக்கிற யாருக்கும் முதலில் எழுகிற சந்தேகங்களும் இவையே. நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் மணல். 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சில கலைஞர்கள், கலையில் முக்கியமானது யோசனைதான், கைவேலை அதற்கு அடுத்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இதைத்தான் கருத்துக்கலை என்கிறோம். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், யோசனையே கலையைச் செய்யும் இயந்திரமாகிவிடுகிறது என்றார். அவருடைய சுவர் ஓவியங்களை வாங்குகிறவருக்குக் கையில் கிடைப்பது ஒரு சான்றிதழும், எந்தக் கோட்டை எப்படிப் போடவேண்டும் என்ற குறிப்பும்தான். சுவரில் வரைவது வேறு ஆட்கள். வீடு மாறினால் பழைய சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் புதுச் சுவரில் மறுபடி வரைந்துகொள்ளலாம்.

இது நமக்கு ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. என் பாட்டியிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று ஒரு வரி, கீழே சின்னதாக ஒரு படம். அந்த வரியை வைத்துக்கொண்டு பாட்டி போட்டாலும், அம்மா போட்டாலும், எதிர்வீட்டு அக்கா போட்டாலும் அதே கோலம்தான். காலையில் வாசலில் இருப்பது மதியத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். கோலம் அழிந்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை, நோட்டு பத்திரமாக இருக்கிறதே. லெவிட்டின் சான்றிதழை அந்த நோட்டின் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2019இல் மயாமி கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்றார்கள் என்ற செய்தி நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சிரிப்பாகப் போனது. இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலானின் வேலை அது. மொத்தம் மூன்று பிரதி, அதுபோகக் கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் கலைஞர் பிரதி இரண்டு. வாங்கியவருக்குக் கிடைத்தது சான்றிதழும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்டவேண்டும் என்ற குறிப்பும். பழம் அழுகினால் வேறு பழம். 2024 நவம்பரில் அதில் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலை சரியா என்று என்னைக் கேட்டால், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஆனால் விற்கப்பட்டது எது என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம்: விற்றது அந்தத் தாளும், மூன்றுக்கு மேல் போகமாட்டேன் என்ற சொல்லும்.

பாலாற்றுப் புத்தகத்திலும் இதே கதைதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு படமும் பிரமாதம் இல்லை. ஒரே இடம், ஒரே நேரம், 52 வாரம் என்று அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிதான் வேலை. அந்த விதி இருப்பதால்தான் 31ஆம் பக்கத்தில் மணலுக்கு நடுவே ஒரு கோடு ஈரம் தெரியும்போது எனக்கு நெஞ்சு திக்கென்றது. தனிப் படமாக அதைச் சுவரில் மாட்டியிருந்தால் கடந்து போயிருப்பேன்.

இப்படி, புத்தகமே கலைப்படைப்பாக இருப்பதைத்தான் கலைஞர் நூல் என்கிறோம். ஓவியரைப் பற்றிய புத்தகம் வேறு, கண்காட்சிக் கேட்டலாக் வேறு. அவற்றில் படைப்பு வேறெங்கோ இருக்கும், புத்தகம் அதைக் காட்டும். கலைஞர் நூலுக்கு வெளியே காட்டுவதற்கு எதுவும் கிடையாது.

இதற்குப் பெரும்பாலானோர் முதலில் காட்டுவது அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1963இல் வெளியிட்ட சின்னப் புத்தகத்தை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஓக்லஹோமாவுக்குப் போகும் சாலையில் இருந்த 26 பெட்ரோல் பங்குகள், கறுப்பு வெள்ளைப் படங்கள், ஊர்ப்பெயர், அவ்வளவுதான். வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னைச் சாலை நெடுக உள்ள டீக்கடைகளை யாராவது இப்படி எடுத்துப் புத்தகம் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தப் புத்தகத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. ருஷே மனம் தளரவில்லை, அந்த நிராகரிப்பையே விளம்பரமாக்கி ஒரு கலைப் பத்திரிகையில் போட்டார்.

முதல் பதிப்பில் 400 பிரதி அடித்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். கொஞ்ச நாளில், எண் போட்டது தவறு என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். அச்சு அசலாக ஒரே மாதிரி 400 புத்தகம் அடுக்கி நிற்பதைப் பார்ப்பதுதான் சந்தோஷம் என்றார். 1967இல் 500, 1969இல் 3,000 என்று மறுபடி அடித்தபோது எண் போடவில்லை. அவர் விரும்பியது மலிவான, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஒரு பொருள். இன்றைக்கு அந்த 400இல் ஒன்று நம் போன்றவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது.

அந்தத் தலைமுறைக் கலைஞர் நூல்களில் பல இந்த மலிவு ஆசையில் பிறந்தவைதான். லாரன்ஸ் வீனர் 1968இல் போட்ட 64 பக்கப் புத்தகத்தின் அட்டையிலேயே 1 டாலர் 95 சென்ட் என்று விலை அச்சிட்டிருக்கும். அதே வருஷம் நியூயார்க் கலை விற்பனையாளர் சேத் சீகலாப் ஏழு கலைஞர்களுக்கு ஆளுக்கு 25 பக்கம் கொடுத்து, இதுதான் கண்காட்சி, தனியாகக் கூடம் இல்லை என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஜெராக்ஸ் எடுப்பதாகத்தான் திட்டம். அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் செலவு கட்டுப்படியாகாமல் ஆஃப்செட்டில் 1,000 பிரதி அடித்தார்கள். யோகோ ஓனோ 1964இல் டோக்கியோவில் 500 பிரதி போட்ட புத்தகம் முழுக்க, வாசகர் செய்து பார்க்கவேண்டிய குறிப்புகள். இப்படிப்பட்ட நூல்களை விற்பதற்கென்றே 1976இல் நியூயார்க்கில் லெவிட், கலை விமர்சகர் லூசி லிப்பார்ட் முதலானோர் சேர்ந்து ப்ரிண்டட் மேட்டர் என்ற கடையைத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பக் காட்டுவது புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கை. 2008இல் அவர் ஏழு குட்டிப் புத்தகங்களை ஒரு துணிப்பெட்டிக்குள் வைத்து வெளியிட்டார். ஒவ்வொன்றும் விசிறி மடிப்பு. இழுத்து நிறுத்தினால் மேசைமேல் ஒரு கண்காட்சி நின்றுவிடும். ஏழில் ஒன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை. கொல்கத்தாவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில் அவற்றை நிறுத்திவைத்தார். 2017இல் இதையே பெரிதாக்கி ஒரு பெட்டி. 3,000 பெட்டிகள், ஒன்றின் அட்டைபோல் மற்றொன்று இருக்காது. பிரதி எடுக்கப்பட்ட ஒன்று ஒரே சமயத்தில் தனிப்பட்டதாகவும் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி மாமாவின் இரண்டாம் கேள்வி: அந்த 40.

பாலாற்றுப் புத்தகத்தின் அட்டையை அடித்தது வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் உள்ள அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே பிழைப்பு. அட்டை ஓடிய அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங்தான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் நீல மை. ரப்பர் ஸ்க்வீஜியை அச்சக அண்ணன் ஒரே இழுப்பாக இழுத்துச் சட்டத்தைத் தூக்கினால், அடியில் ஒரு அட்டை பளபளவென்று ஈரமாகக் கிடக்கும். அதை எடுத்துக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவார். முதல் நான்கு இழுப்பில் மை திட்டுத்திட்டாக வந்தது. ஐந்தாவதை விளக்கு வெளிச்சத்தில் காட்டி, "இது ஓகேவாம்மா? பாத்துக் கையெழுத்துப் போட்டுடு, அப்பறம் மாத்தச் சொல்லக்கூடாது" என்றார். அவளும் போட்டாள்.

அச்சுக்கலைச் சந்தையின் சொற்கள் எல்லாம் அந்த அறையிலேயே இருந்தன. மை சரியாக விழுகிறதா என்று பார்க்க எடுத்தவை ப்ரூஃப். அவள் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த அட்டைக்கு பிரெஞ்சில் பொன் அ திரே என்று பெயர். "அடிக்கலாம்" என்றுதான் அர்த்தம். மற்றவை அதன்படி வரவேண்டும். அதற்குப் பின் வந்த 40 விற்பனைக்கு. அவளுக்கென்று எடுத்துவைத்த நான்கு, கலைஞர் பிரதி. வெளிநாட்டு அச்சுகளில் ஏ.பி. என்று குறித்திருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் இருந்தால் நியாயம், 40க்கு 20 கலைஞர் பிரதி என்றால் ஏதோ சரியில்லை. அச்சக அண்ணனுக்குக் கொடுத்த ஒன்று, அச்சகர் பிரதி. விற்பனைக்கு இல்லை என்று குறிக்கப்பட்டவை எச்.சி.

வேலை முடிந்ததும் அண்ணன் வலையில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். பாலத்தின் உருவம் கரைந்து சாக்கடையோடு போனது. மறுநாள் அதே வலையில் யாரோ ஒருவருடைய காதணி விழாப் பத்திரிகை. செம்புத்தகட்டை அமிலத்தால் அரித்து அடிக்கும் எச்சிங் என்றால், பதிப்பு முடிந்தபின் தகட்டின் குறுக்கே கோடு கீறி ரத்து செய்வது வழக்கம்.

ஆனால் உள்பக்கங்கள் டிஜிட்டல் பிரிண்ட். அந்தக் கோப்பு இன்னும் அவள் லேப்டாப்பில்தான் இருக்கிறது. நாளைக்கே 41ஆவது பிரதியைப் போட எந்த இயந்திரமும் மாட்டேன் என்று சொல்லாது. தடுப்பது அவள் கொடுத்த வாக்கு ஒன்றுதான். 11/40 என்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். பெரிய கலைஞரானாலும் கல்லூரி மாணவியானாலும், அந்தப் பென்சில் எண், "இதற்குமேல் போகமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்த கைச்சீட்டு. சேகரிப்பவர் வாங்குவதும் காப்பாற்றுவதும் அதைத்தான்.

முதல் எண்ணுக்கு மதிப்பு அதிகமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தகட்டில் நேரடியாக ஊசியால் கீறும் ட்ரைபாயிண்ட் முறையில், அடிக்க அடிக்கப் பிசிர் தேய்ந்து கோடு மெலியும், அதனால் தொடக்கப் பிரதிகள் நன்றாக இருக்கும். ஸ்கிரீனிலும் ஆஃப்செட்டிலும் அப்படி எதுவும் இல்லை. 1க்கும் 40க்கும் ஒரே மதிப்புதான்.

வாக்கு என்றால் அதில் ஏமாற்றும் உண்டு. நான் பட்டது ஒன்று. சில வருஷம் முன்பு ஆன்லைனில் "50 மட்டுமே" என்று போட்டிருந்த ஒரு அச்சை, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அதே படம் இன்னும் இரண்டு அளவுகளில், ஒவ்வொன்றும் "50 மட்டுமே" என்று வந்தது. பிறகு கான்வாஸில் ஒன்று. கேட்டதற்கு, ஒவ்வோர் அளவும் தனிப் பதிப்பு என்றார்கள். வாங்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும்: இந்தப் படம் வேறு எந்த அளவில், எந்தத் தாளில், மொத்தம் எத்தனை இருக்கிறது, இனிமேல் வருமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கையெழுத்தையும் சாய்த்துப் பாருங்கள். பென்சில் என்றால் வெளிச்சத்தில் லேசாக மினுங்கும், தாள் சற்றே அமுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கையெழுத்தும் அச்சுதான். எண் பெரும்பாலும் இடது ஓரம், கையெழுத்து வலது ஓரம். புத்தகமென்றால் கடைசிப் பக்கத்தில் எத்தனை பிரதி, என்ன தாள், எங்கே அச்சு என்ற விவரம் இருக்கும். விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

எண் போட்டதெல்லாம் வரையறுத்த பதிப்பு என்றும் நினைக்கவேண்டாம். சென்னை தாரா புக்ஸ் கையால் ஸ்கிரீன் அடித்துக் கையால் தைக்கும் நூல்களில் ஒவ்வொரு பிரதிக்கும் எண் உண்டு. தீர்ந்தால் மறுபதிப்பும் வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர்கள் எண் போடுவது கைவேலைக்கான மரியாதை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில் எடுத்து, மையின் தடிப்பை விரலால் தடவிப் பார்ப்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. எதிர்ப்பக்கம் பெலிக்ஸ் கோன்சாலஸ்-டொரஸ் என்ற அமெரிக்கக் கலைஞர். கண்காட்சித் தரையில் தாள்களை அடுக்கி வைத்து, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போகலாம் என்றார். தீரத் தீர மறுபடி அடுக்குவார்கள். அங்கே படைப்பு அந்த அடுக்கும் அதன் விதியும்தான், நீங்கள் சுருட்டிக்கொண்டு வரும் தாள் ஒரு நினைவு. அதை யாராவது "ஒரிஜினல்" என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

வேலூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் எங்கே பார்ப்பது? காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை காலையில் போய் ராத்திரி திரும்பும் தூரம்தான். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது, அச்சுக்கலைப் பட்டறையும் அங்கே உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஆனால் நான் முதலில் சொல்வது, கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போங்கள் என்றுதான். 300, 500 ரூபாய்க்குப் புத்தகம் விற்கும் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். செய்தவரிடமே உட்கார்ந்து அரைமணி நேரம் பேசலாம். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

வாங்கிவிட்டால், எதிரி நம் ஊர் வெயில். கத்திரி வெயிலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய அச்சு இரண்டு மூன்று வருஷத்தில் வெளிறிவிடும். மழைக்காலத்தில் சுவர் ஓதம். அப்புறம் ராமபாணப் பூச்சியும் கரையானும். இரும்பு பீரோவின் நடுத்தட்டுதான் நல்ல இடம். சுவரில் பதித்த மர அலமாரியும் பீரோவின் அடித்தட்டும் வேண்டாம். அச்சுகளைச் சுருட்டாமல் படுக்கவைத்து, இடையில் அமிலமில்லாத தாள் வையுங்கள். செய்தித்தாளை இடையில் வைத்தால் அதன் பழுப்பு இதில் இறங்கும். லேமினேஷன், செல்லோடேப் இரண்டையும் பக்கத்திலேயே விடாதீர்கள். அந்துருண்டையைத் தாளோடு ஒட்டி வைக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் புரட்டிக் காற்றாட வைத்தாலே பூச்சி பாதி குறையும்.

இன்னொன்று, நம் பகுதிக்கே உரிய ஆபத்து. ராணிப்பேட்டையில் தோல் வேலை செய்யும் நண்பர் என் பிரதியைப் பார்த்து, "சாதா ஸ்டேப்ளர் பின்தானே அடிச்சிருக்கு, குடுங்க சார், நல்ல தோல்ல பைண்டு பண்ணித் தரேன்" என்று அன்போடு கேட்டார். கைகூப்பி மறுத்தேன். அந்த ஸ்டேப்ளர் பின், மெல்லிய அட்டை, வெட்டு ஓரம் எல்லாமே அவள் தீர்மானித்தவை. தோல் அட்டை போட்டால் அது என் புத்தகமாகிவிடும், அவளுடையதாக இருக்காது. அதற்குப் பதிலாக அந்த நல்ல தோலில் ஒரு உறை செய்து தரச் சொன்னேன், அதுவும் உள்ளே மெத்தென்ற பருத்தித் துணி வைத்து.

ரசீது, சான்றிதழ், விற்றவர் அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கருத்துக்கலையில் சில சமயம் அந்தத் தாள்தான் படைப்பே. தொலைந்தால் கையில் மிஞ்சுவது வெறும் டேப். பொருள் உங்களுடையது என்றாலும் படத்தை மறுபடி அச்சிடும் உரிமை கலைஞருடையதே என்பதும் நினைவிருக்கட்டும். படைப்பின் பின்பக்கத்தில் பேனாவால் எதுவும் எழுதாமல், தனியாக ஒரு நோட்டு போடுங்கள். என் நோட்டில் அந்தப் புத்தகத்துக்கான பதிவு இது:

"பாலாறு, 52 ஞாயிறு. பிரதி 11/40, கலைஞர் பிரதி 4, அச்சகர் பிரதி 1. அட்டை ஸ்கிரீன், உள்ளே டிஜிட்டல். ரூ.600, அவள் வீட்டுத் திண்ணையில் வாங்கியது. வேறு அளவில் வராது என்று கடிதம் உறையில். பின்னட்டை இடது மூலையில் நீல மைத் தீற்றல், வாங்கும்போதே இருந்தது."